ரெண்டரை பவுண்டு

ஏலத்தில் எடுத்த ஜீப்.
கதவில் பொதுப்பணித்துறை பாதி சுரண்டப்பட்டிருந்தது.
கன்னடியன் கால்வாய் லஸ்கர் மாசானமுத்து
தேவைக்கு மேல் கேட்டு வென்றதாக
சேரன்மகாதேவி முழுக்கப் பேச்சு.
டீசல் எஞ்சின் இறுகிக் கிடந்தது.
மதுரை பழைய இரும்புக் கடையிலிருந்து
கான்டெஸாவின் பெட்ரோல் எஞ்சினை
வைக்கோல் சுற்றி லோடு ஆட்டோவில் கொண்டுவந்து
என் ஷெட் வாசலில் இறக்கினார்.
"ஓடணும் வே. மழைக்கு முன்னால."

மவுண்டிங் அடித்தேன். கியர்பாக்ஸுக்கு இடைத்தட்டு கடைந்தேன்.
அதெல்லாம் கைக்குத் தெரிந்த வேலை.
எஞ்சினோடு பிறந்த பம்பை மட்டும்
யாரோ கழற்றி விற்றுவிட்டு
ஓட்டையைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள்.
உள்ளே கேமின் மேடும் தேய்ந்து வழுக்கை.

ஆக, கரண்டு பம்பு.
வண்ணார்பேட்டை கடையில் ஜேசுவடியான்
மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தான்.
ஒன்று இன்ஜெக்‌ஷன் காருடையது,
நாற்பத்தைந்து பவுண்டு தள்ளும்.
மற்றது உள்ளங்கையளவு, நாலு பவுண்டு,
தையல் மிஷின் சத்தம்.
"பெருசு எதுக்கு?" என்றான்.
"ரெகுலேட்டர் போட்டுக் குறைச்சிக்கிடலாம்லா?"
பெரியதன் மேல் எனக்கு எப்போதுமே ஒரு இது.
என் கல்யாணத்துக்கு வைத்த சவுண்டு பாக்ஸில்
என்னை யார் வாழ்த்தினார்கள் என்றே கேட்கவில்லை.

கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை.
அதன் முதுகில் ஊசி.
பெட்ரோல் ஏற ஏற ஊசி எழுந்து வாசலை மூடும்.
மூன்று பவுண்டு வரை பிடித்து நிற்கும்,
அதற்குமேல் கதவோடு காவலாளியும் போவான்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் முந்நூற்றைம்பது ரூபாய் ரெகுலேட்டரை நம்பினேன்.

சாவி திருப்பியதும் பிடித்தது. ஒரு நிமிஷம் சிரித்தோம்.
பிறகு கறுப்புப் புகை, இருமல்,
கார்புரேட்டர் வாய் நிரம்பி வழிந்து
மேனிஃபோல்டில் சொட்டி
உஸ்.
பாட்டரி வயரைப் பிடுங்கித் திரும்பினால்
மாசானமுத்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்.
"பீடியை அப்பமே எறிஞ்சிட்டேன் வே."

கிட்டே வந்து குனிந்தார்.
"மிச்சம் எங்க போகுது?"
"எந்த மிச்சம்?"
"இது குடிக்காத மிச்சம்."
திருப்பிவிடும் குழாயை நான் போட்டிருக்கவில்லை.
"பலகையை இறக்கிட்டுக் கலுங்கையும் அடைச்சா
கரை நிக்குமா?"
கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.
என்னைவிட ஆறு வயது இளையவர்.
எனக்குக் கோபம்.
சரியாகச் சொல்லிவிட்டார் என்பதில் இன்னும் கோபம்.

மறுநாள் முதல் பஸ், சின்ன பம்பு.
ஜேசுவடியான் ஒன்றும் சொல்லவில்லை,
பொட்டலம் கட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டான்.
டேங்குக்கு ஒட்டி, அதன் அடிமட்டத்துக்கும் கீழே வைத்தேன்.
அதற்குத் தள்ளத்தான் வரும், உறிஞ்ச வராது.
முன்னால் ஃபில்டர்.
குழாயை சைலன்சருக்கு மறுபக்கம் கொண்டுபோனேன்;
சித்திரையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கிற ஊர் இது.
முள் காட்டும் நல்ல ரெகுலேட்டர்.
மிச்சத்துக்கு டேங்க் வரை தனி வழி.
ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்பு தானாய் நிற்க
ஒரு ரிலே.

திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாக.
நாலு.
மூணே கால்.
ரெண்டரை.
புகை நின்றது.
வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று
பக்கத்து சலூன்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

பெரிய பம்பைப் பில்லில் எழுதவில்லை.
அலமாரியில் நிறமில்லாத பாலித்தீனுக்குள் இருக்கிறது,
யாரும் கேட்டால் "ஒருத்தருக்கு வாங்கினது" என்பேன்.

ஐப்பசிக் கடைசியில், ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன்.
மழை, காற்று,
அதற்குப் பின்னால் அந்த எஞ்சின்.
பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்திருக்கிறார்.
"ரெண்டரையிலயே நிக்கி வே" என்றார்.
"ஆத்துலதான் கூடுது."
வைத்துவிட்டார்.